வேகமும் பிடிமானமும்: விரைவு வண்டிகளின் ரயர்த் தெரிவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் இயந்திரத்தின் வரலாற்றையே எழுதியுள்ளனர். எத்தனை குதிரைவலு, எத்தனை உருளை, மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்பனவே அவ்வரலாறுகளில் முதன்மை பெறுகின்றன. ஆயின், இயந்திரம் பிறப்பிக்கும் வலு முழுவதும் நிலத்தைச் சென்றடைவது நான்கு ரயர்களின் வழியாகவே என்பதும், ஒவ்வொரு ரயரும் நிலத்தைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கையின் அளவினதே என்பதும் எளிதில் மறக்கப்பட்டுவிடுகின்றன. வண்டியை முன்செலுத்துவதும் திருப்புவதும் நிறுத்துவதும் இந்நான்கு சிறு பரப்புகளேயாம். இயந்திரம் வேகத்தைத் தரலாம். அவ்வேகத்தைப் பயன்படுத்துவதற்கு அனுமதி தருவது ரயரே.

ஸ்போர்ட்ஸ் கார் எனப்படும் விரைவு வண்டிக்கு எத்தகைய ரயரைத் தெரிவுசெய்வது என்ற வினா இன்று கடையிலே கேட்கப்படும் சாதாரண வினாவாகத் தோன்றலாம். உண்மையில் அது நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றையுடைய வினாவாகும். பந்தயப் பாதைகளில் அவ்வினாவுக்குத் தவறான விடை கண்டோர் வெற்றியை இழந்தனர். சிலர் உயிரையே இழந்தனர். மிகச் சிறந்த ரயர் என ஒன்று எக்காலத்திலும் இருந்ததில்லை, குறித்த பாதைக்கும் குறித்த காலநிலைக்கும் குறித்த வேகத்துக்கும் பொருந்திய ரயரே இருந்து வந்துள்ளது என்பதனைச் சில நிகழ்ச்சிகளின் வாயிலாக நிறுவ முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் இறப்பரின் இயல்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். மரப்பாலிலிருந்து பெறப்படும் இறப்பர் வெயிலில் பிசுபிசுக்கும்; குளிரில் வெடிக்கும். 1839இல் அமெரிக்கரான சாள்ஸ் குட்இயர் அதனைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடேற்றும் முறையைக் கண்டறிந்தார். வல்கனைசுப்படுத்தல் எனப்பட்ட இம்முறையினாலேயே இறப்பர் நிலையான ஒரு பொருளாயிற்று. 1845இல் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த றொபேட் தொம்சன் காற்றடைத்த சக்கரத்துக்கு உரிமக் காப்பினைப் பெற்றார். எனினும் குதிரை வண்டிகள் நிறைந்திருந்த அக்காலத்தில் அதற்கு வேண்டுவோர் இருக்கவில்லை. தேவை தோன்றாத காலத்தில் தோன்றிய கண்டுபிடிப்பு உறங்கிக் கிடத்தல் இயல்பேயாகும். 1888இல் பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராக விளங்கிய ஜோன் டன்லொப், தம் மகனின் முச்சக்கர மிதிவண்டிக்கெனக் காற்றடைத்த ரயரை மீண்டும் உருவாக்கினார். அடுத்த ஆண்டில் அந்நகரின் மிதிவண்டிப் பந்தயங்களில் அது வெற்றி ஈட்டியபோதே உலகம் அதனைத் திரும்பிப் பார்த்தது. ரயரின் வரலாறு தொடக்கத்திலிருந்தே பந்தயத்தின் வரலாற்றோடு பிணைந்திருந்தமை இதனாற் புலனாகும்.

மோட்டார் வண்டிக்குக் காற்றடைத்த ரயர் பொருந்துமா என்ற வினாவுக்கு 1895ஆம் ஆண்டு யூன் மாதத்திலே விடை தேடப்பட்டது. பாரிஸ் நகரிலிருந்து போர்தோ சென்று மீளும் ஏறக்குறைய 1,180 கிலோமீற்றர்ப் பந்தயத்தில், அந்திரே மிஷெலின், எதுவார் மிஷெலின் என்னும் சகோதரர் இருவர் காற்றடைத்த ரயர் பூட்டிய வண்டியொன்றைத் தாமே செலுத்தினர். வழிநெடுக ரயர்கள் துளைபட்டன. ரியூப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றப்பட்டன. முதலில் வந்து சேர்ந்த எமில் லெவசோர், காற்றடைத்த ரயரின் துணையின்றியே 48 மணி 48 நிமிடத்தில் ஓட்டத்தை நிறைவுசெய்தார். மிஷெலின் சகோதரரோ குறித்த 100 மணி நேர எல்லைக்குள் ஓட்டத்தை முடிக்க இயலாதவராயினர்.

அன்றைய நாளின் அளவுகோல்படி அது தோல்வியே. எனினும் நிகழ்ந்ததை நுணுகி நோக்கின் வேறோர் உண்மை புலப்படும். துளைபடாது ஓடிய வேளைகளில் அவ்வண்டி பிற வண்டிகளிலும் மென்மையாக ஓடியது. அதிர்ச்சி குறைந்தமையால் வண்டியின் உறுப்புகளும் காக்கப்பட்டன. நம்பகத்தை இழந்து மென்மையைப் பெறுவதா, மென்மையை இழந்து நம்பகத்தைப் பெறுவதா என்பதே அன்றைய தெரிவு. சில ஆண்டுகளிலேயே நிலைமை மாறியது. 1899இல் கமீல் ஜெனாற்சி என்ற பெல்சிய நாட்டவர் மின்வண்டியொன்றில் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை முதன்முதலாகத் தாண்டியபோது, அவ்வண்டியின் சக்கரங்களிற் பூட்டப்பட்டிருந்தவை மிஷெலின் ரயர்களே.

1906ஆம் ஆண்டு யூன் 26ஆம், 27ஆம் நாட்களில் லெ மான் நகரருகே நடைபெற்ற முதலாவது பிரெஞ்சு கிராண்ட் பிறீ, ரயர்த் தெரிவின் வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். ஏறக்குறைய 103 கிலோமீற்றர் நீளமுடைய சுற்றுப்பாதையைப் பன்னிரண்டு முறை சுற்றிவர வேண்டியிருந்தது. கடும் வெயிலில் பாதையின் தார் உருகிற்று. கற்கள் ரயர்களைக் கிழித்தன. பழுதுற்ற ரயரை மாற்றும் வேலையைச் சாரதியும் அவருடன் செல்லும் பொறிவல்லுநருமே செய்யவேண்டும் என்பது விதி. சக்கரத்திலிருந்து கிழிந்த ரயரை வெட்டியெடுத்துப் புதியதைப் பொருத்துவதற்கு ஏறத்தாழக் கால் மணி நேரம் சென்றது. மிஷெலின் நிறுவனம் அவ்வாண்டில் ரயருடன் சேர்த்துக் கழற்றத்தக்க வட்டத்தை அறிமுகம் செய்தது. அதனைக் கொண்டோர் நான்கு நிமிடங்களுக்குள் வேலையை முடித்துக்கொண்டு புறப்பட்டனர்.

அவ்வாறாயின் எல்லோரும் அதனையே ஏன் தெரிவுசெய்யவில்லை? அவ்வட்டம் சக்கரமொன்றுக்கு ஏறக்குறைய 9 கிலோகிராம் நிறையைக் கூட்டியது. வண்டியின் நிறை 1,000 கிலோகிராமுக்கு மேற்படலாகாது என்பது பந்தய விதி. அவ்வெல்லையைத் தொட்டு நின்ற வண்டிகளுக்கு அது எட்டாக் கனியாயிற்று. றெனோ வண்டியைச் செலுத்திய ஹங்கேரியரான பெரென்க் சிஸ், பின் சக்கரங்களுக்கு மட்டும் அவ்வட்டத்தைப் பூட்டினார். வலுவைத் தாங்கி விரைவில் தேய்வன பின் சக்கரங்களே என்பதை உணர்ந்து, நிறையைக் கூட்டவேண்டிய இடத்தில் மட்டும் கூட்டிய அத்தெரிவு போற்றற்குரியது. இரண்டாவதாக வந்த பியற் வண்டியை அரை மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் பின்தள்ளி அவர் வெற்றி பெற்றார். அவ்வெற்றியில் இயந்திரத்துக்கு இருந்த பங்கிலும் ரயர் மாற்றும் நேரத்துக்கு இருந்த பங்கு சிறிதன்று.

இவ்விடத்தில், ரயரின் வரலாற்றை ஐரோப்பியப் பந்தயப் பாதைகளோடு மட்டும் நிறுத்திவிடுதல் நேர்மையாகாது. டன்லொப்பின் கண்டுபிடிப்புக்குப் பின்னர் இறப்பருக்கு எழுந்த பெரும் வேட்கை, பெல்சிய மன்னர் இரண்டாம் லெயோபோல்டின் தனியாட்சியிலிருந்த கொங்கோவில் மனிதரை விலையாகக் கொண்டது. காட்டு இறப்பரைக் குறித்த அளவில் கொண்டுவராத ஊரவர்மீது இழைக்கப்பட்ட கொடுமைகளை, பிரித்தானியத் தூதுவரான றொஜர் கேஸ்மன்ற் 1904இல் வெளியான அறிக்கையில் பதிவுசெய்தார். 1908இல் அத்தனியாட்சி முடிவுற்றது. மறுபுறத்தில், 1876இல் ஹென்றி விக்ஹம் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுசென்ற ஏறக்குறைய 70,000 விதைகளிலிருந்து முளைத்த கன்றுகளுள் பெரும் பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவுக்கு அண்மையிலுள்ள எனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டது. அங்கிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பரவிய மரங்களே பின்னர் இலங்கை, மலாயாத் தோட்டங்களாயின. அத்தோட்டங்களில், சிறப்பாக மலாயாவில், விடியுமுன் எழுந்து பால் வெட்டியோருள் தென்னிந்தியாவிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினராவர். ஐரோப்பியச் சாரதியொருவர் ஒரே நாளிற் பல ரயர்களைத் தேய்த்தெறிய முடிந்தமைக்கு, அவற்றின் மூலப்பொருளை மலிவாக்கிய இவ்வுழைப்பும் ஒரு காரணமாகும். பந்தய வரலாறுகளில் இவர்கள் பெயர் இடம்பெறுவதில்லை.

இனி, ரயரின் உள்ளமைப்பில் நிகழ்ந்த மாற்றங்களை நோக்குவோம். தொடக்ககால ரயர்கள் வெளிறிய நிறத்தனவாயிருந்தன. 1910களில் காபன் கரித்தூளை இறப்பருடன் கலக்கும் வழக்கம் பரவியதும் ரயர் கறுப்பாயிற்று. அதன் தேய்வெதிர்ப்பும் பன்மடங்கு உயர்ந்தது. ஆயினும் ரயரின் எலும்புக்கூடாக அமைந்த இழைகள் ஒன்றையொன்று சாய்வாகக் குறுக்கிட்டுச் சென்றன. இக்குறுக்கிழை ரயர் உருளும்போது இழைகள் ஒன்றோடொன்று உராய்ந்து வெப்பத்தைப் பிறப்பித்தன. வளைவிலே பக்கச் சுவர் வளைய, அதனோடு சேர்ந்து நிலத்தைத் தொடும் பரப்பும் நெளிந்தது.

1946இல் மிஷெலின் நிறுவனம் உரிமக் காப்பினைப் பெற்று, சில ஆண்டுகளில் விற்பனைக்குக் கொணர்ந்த றேடியல் ரயர் இக்குறையைத் தீர்த்தது. இதில் இழைகள் சக்கரத்தின் ஆரைகளைப் போல ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராகச் செல்லும். அவற்றின்மேல் எஃகுப் பட்டியொன்று சுற்றிவரும். பக்கச் சுவர் தன்பாட்டில் நெகிழ, நிலத்தைத் தொடும் பரப்பு தட்டையாகவே நிற்கும். வெப்பம் குறைந்தது, ஆயுள் நீண்டது, வளைவிற் பிடிமானம் கூடியது.

இத்தனை நலன்கள் இருந்தும் கிராண்ட் பிறீப் பந்தய உலகம் ஏறக்குறைய முப்பதாண்டுகள் குறுக்கிழை ரயரையே கைக்கொண்டிருந்தமை வியப்பூட்டலாம். இதனை வெறும் பழமைப் பற்று எனத் தள்ளிவிட முடியாது. குறுக்கிழை ரயர் தன் பிடியை இழக்குமுன் சிறிது சிறிதாக வழுக்கத் தொடங்கிச் சாரதிக்கு எச்சரிக்கை தந்தது. தொடக்ககால றேடியல் ரயரோ அதிகம் பிடித்தது. ஆனால் விட்டபோது சடுதியாக விட்டது. எல்லையின் விளிம்பில் வண்டியோட்டுபவருக்கு, எல்லை எங்கே உள்ளது என்பதிலும், அது நெருங்குவதை முன்னறிவதே முதன்மையானது. இதற்கேற்ப வண்டியின் தாங்கு வில்லமைப்பும் மாறவேண்டியிருந்தது. 1977இல் றெனோ அணி மிஷெலின் றேடியல் ரயர்களுடன் போர்முலா வண் பந்தயத்துட் புகுந்தது. 1978இல் பிரேசில் கிராண்ட் பிறீயில் பெராரி வண்டியைச் செலுத்திய கார்லோஸ் ரொய்டமன் அவ்வகை ரயருக்கு முதல் வெற்றியை ஈட்டினார். 1979இல் ஜோடி ஷெக்டர் அதே வகை ரயருடன் உலக வாகையரானார்.

இதே காலத்தில் ரயரின் முகப்பும் மாறியது. 1971இல் ஸ்பானிய கிராண்ட் பிறீயில், தவாளிப்பு எதுவுமற்ற மழமழப்பான ரயர் போர்முலா வண் பந்தயத்துக்கு வந்தது. தவாளிப்புகள் இல்லாதபோது நிலத்தைத் தொடும் இறப்பர் கூடுகின்றது; உலர்ந்த பாதையில் பிடிமானமும் கூடுகின்றது. ஆனால் மழை வந்துவிடின் நீர் வெளியேற வழியில்லை. ரயர் நீர்ப்படலத்தின் மேல் மிதக்கத் தொடங்கும். திருப்புச் சக்கரத்தைச் சுழற்றினாலும் வண்டி திரும்பாது. வெயிலில் வெற்றி தரும் அதே ரயர் மழையில் மரணம் தரவல்லது. இரண்டுக்கும் இடைப்பட்ட முயற்சியாகவே தெருவில் ஓடும் விரைவு வண்டியின் ரயரைக் கருதவேண்டும். 1970களின் நடுப்பகுதியில் பிரெல்லி நிறுவனம் உருவாக்கிய பி7 இதற்குத் தக்க சான்றாகும். லான்சியா ஸ்ற்றாற்றோஸ் என்ற பந்தய வண்டியின் தேவையிலிருந்து பிறந்த இந்த அகன்ற, தாழ்ந்த பக்கச் சுவருடைய ரயர், பின்னர் போர்ஷ் 911 ரேர்போ போன்ற தெருவண்டிகளிலும் இடம்பெற்றது. பக்கச் சுவர் தாழ்ந்தமையால் வளைவிற் கூர்மை கிடைத்தது. விலையாகக் கொடுக்கப்பட்டது பயணச் சொகுசு.

மேற்கூறிய அனைத்துக்கும் அடிப்படையான ஒரு முரண்பாடு உண்டு. இறப்பர் பாதையைப் பற்றுவது, பாதையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் அமிழ்ந்து சற்றுத் தாமதமாகவே பழைய வடிவுக்கு மீள்வதாலாகும். அத்தாமதத்தில் இழக்கப்படும் சக்தி வெப்பமாகின்றது. ஆகவே பிடிமானம் தரும் பண்பே வெப்பத்தையும் தேய்வையும் தருகின்றது. மென்மையான கலவை நன்கு பற்றும், விரைவில் தேயும். வன்மையான கலவை நீடித்துழைக்கும், குறைவாகப் பற்றும். 1990களின் தொடக்கத்தில் சிலிக்காவைக் கலக்கும் முறை வந்த பின்னர் ஈரப் பாதையில் பிடிமானமும் குறைந்த உருள் தடையும் ஓரளவு ஒருங்கே கிடைத்தன. முரண்பாடு தணிந்தது, ஒழியவில்லை.

ஒழியவில்லை என்பதனை 2005ஆம் ஆண்டு யூன் 19ஆம் நாள் உலகம் கண்டது. அவ்வாண்டின் போர்முலா வண் விதிப்படி, தகுதிகாண் ஓட்டத்துக்கும் பந்தயத்துக்கும் ஒரே தொகுதி ரயர்களையே பயன்படுத்த வேண்டும். அவ்வாண்டில் நடைபெற்ற 19 பந்தயங்களுள் 18இல் மிஷெலின் ரயர் பூட்டிய வண்டிகளே வென்றன. எஞ்சிய ஒன்று இன்டியானாபொலிஸ் நகரில் நடைபெற்ற அமெரிக்க கிராண்ட் பிறீ. அங்கு 13ஆவது வளைவு சாய்தளமாக உயர்த்திக் கட்டப்பட்டிருந்தது. முழு வேகத்தில் அவ்வளைவைக் கடக்கும் வண்டியின் இடப்புறப் பின் ரயர் பெருஞ்சுமையைத் தாங்கவேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமைப் பயிற்சியின்போது அவ்விடத்தில் இடப்புறப் பின் ரயர் செயலிழந்து றால்ப் சூமாக்கரின் வண்டி சுவரில் மோதியது. அவ்வளைவில் வேகத்தைக் குறைத்தாலன்றித் தம் ரயர்களின் பாதுகாப்புக்கு உறுதியளிக்க இயலாதென மிஷெலின் நிறுவனம் அறிவித்தது. பாதையில் வேகத்தைத் தணிக்கும் செயற்கை வளைவொன்றை அமைக்குமாறு விடுக்கப்பட்ட வேண்டுகோளைச் சர்வதேச மோட்டார் வாகனச் சம்மேளனம் ஏற்கவில்லை.

பந்தய நாளில் இருபது வண்டிகளும் அணிவகுப்புச் சுற்றில் புறப்பட்டன. சுற்றின் முடிவில் மிஷெலின் ரயர் பூட்டிய பதினான்கு வண்டிகளும் தரிப்பிடத்துட் புகுந்துவிட்டன. பிரிஜ்ஸ்ரோன் ரயர் பூட்டிய ஆறு வண்டிகளே பந்தயத்தில் ஓடின. மைக்கேல் சூமாக்கர் முதலிடம் பெற்றார். கோயம்புத்தூரைச் சேர்ந்த தமிழரான நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து, போர்முலா வண் பந்தயத்தில் புள்ளி பெற்ற முதல் இந்தியரானார். பார்வையாளர் பலர் ஆத்திரமுற்றனர். பின்னர் மிஷெலின் நிறுவனம் நுழைவுச்சீட்டுப் பணத்தைத் திருப்பியளிக்க முன்வந்தது.

இந்நிகழ்ச்சியைக் கேலிக்கூத்தென எழுதியோர் பலர். வரலாற்று மாணவர் இதனை வேறு விதமாக நோக்குதல் தகும். ஆண்டு முழுவதும் வென்ற ரயர் ஒரே ஒரு வளைவிற் பயனற்றதாயிற்று. ஆண்டு முழுவதும் பின்தங்கிய ரயர் அவ்வொரு வளைவில் போதுமானதாயிற்று. சிறப்பு என்பது பொருளில் மட்டும் உறைவதன்று, பொருளுக்கும் சூழலுக்கும் உள்ள பொருத்தத்தில் உறைவது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. தன் பொருளின் குறையைத் தானே முன்வந்து கூறியமையால் அந்நிறுவனம் பெரும் இழிவைத் தேடிக்கொண்டதெனினும், அப்பந்தயத்தில் உயிரிழப்பு எதுவும் நேரவில்லை என்பதனையும் கூறியாகவேண்டும்.

தெருவில் அத்தகைய எச்சரிக்கையை யாரும் தருவதில்லை. 2013ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் கலிபோர்னியாவில், 2005ஆம் ஆண்டுத் தயாரிப்பான போர்ஷ் கரேரா ஜிரி வண்டியொன்று விபத்துக்குள்ளானதில், அதில் பயணியாகச் சென்ற நடிகர் போல் வோக்கரும் அதன் சாரதியும் உயிரிழந்தனர். அளவுகடந்த வேகமே விபத்தின் காரணம் என விசாரணை கூறியது. அத்துடன், அவ்வண்டியின் ரயர்கள் ஒன்பது ஆண்டுகள் பழமையானவை என்பதும், அப்பழமை வண்டியின் கட்டுப்பாட்டைப் பாதித்திருக்கலாம் என்பதும் சுட்டப்பட்டன. அதிகம் ஓடாத விரைவு வண்டியின் ரயர் தேய்ந்திராது. தவாளிப்புகள் புதியனபோலவே தோன்றும். ஆனால் இறப்பர் காலத்தால் இறுகும். கண்ணுக்குத் தெரியும் தேய்வை மட்டும் நோக்குவோர் கண்ணுக்குத் தெரியாத முதுமையைக் காணத் தவறுகின்றனர்.

எனவே, இன்று இத்தெரிவினை மேற்கொள்பவர் இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்க பாடங்கள் யாவை? வேகக் குறியீடு முதலாவது: ரயரின் பக்கத்தில் பொறிக்கப்படும் எழுத்துகளுள் எச் என்பது மணிக்கு 210, வி என்பது 240, டபிள்யூ என்பது 270, வை என்பது 300 கிலோமீற்றர் வரையான வேகத்தைத் தாங்கும் என்பதைக் குறிக்கும். அது தாங்கும் வேகமேயன்றி ஓட்டவேண்டிய வேகமன்று. இரண்டாவது வயது: 2000ஆம் ஆண்டு தொடக்கம் தயாரிக்கப்பட்ட ரயர்களில் காணப்படும் நான்கு இலக்கங்களுள் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் தெரிவிக்கும். மூன்றாவதும் முதன்மையானதும் சூழல்: பருவமழை பொழியும் நாட்டில், உலர்ந்த ஓடுபாதைக்கென ஆக்கப்பட்ட மென்மையான ரயரைப் பூட்டுபவர், ஆண்டின் ஒரு பகுதிக்காக மறு பகுதியைப் பணயம் வைப்பவராவார்.

1895இல் மிஷெலின் சகோதரரும், 1906இல் சிஸ்ஸும், 2005இல் தரிப்பிடத்துட் திரும்பிய பதினான்கு சாரதிகளும் எதிர்கொண்டது ஒரே வினாவையே: எதனைப் பெறுவதற்காக எதனை விட்டுக்கொடுப்பது? ரயர்த் தெரிவு என்பது மிகச் சிறந்ததைத் தேடும் முயற்சியன்று. எதனை இழக்கச் சம்மதம் என்பதை முன்னரே அறிந்துகொள்ளும் முயற்சியாகும். அதனைத் தாமே தீர்மானியாதோருக்குப் பாதையின் ஏதோவொரு வளைவு அதனைத் தீர்மானித்துவிடும்.